‘லி’ ஒட்டாத இடங்கள்

ஆங்கிலத்தில் பெயரடையை வினையடையாக்குவது பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த வேலை. ‘ஸ்லோ’வோடு ‘லி’ சேர்த்தால் ‘ஸ்லோலி’, ‘குவிக்’கோடு சேர்த்தால் ‘குவிக்லி’. தமிழில் ‘ஆக’ வரும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘லி’ வரும் என்று வகுப்பறையில் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம். அதே பிள்ளை ‘அவர் நட்பாகச் சிரித்தார்’ என்பதை ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போது பேனா நின்றுவிடுகிறது. ‘ஃப்ரெண்ட்லி’ ஏற்கெனவே ‘லி’யில்தான் முடிகிறது. விதிப்படி போனால் ‘ஃப்ரெண்ட்லிலி’ என்று எழுத வேண்டும். அகராதியில் அப்படி ஒரு சொல் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் அதை வாயில் வைப்பதில்லை. ‘நட்பான முறையில்’ என்று நாலைந்து சொல்லில் சுற்றிப் போகிறார்கள். ‘வேகமாக ஓடினான்’ என்பதற்கு ‘ஃபாஸ்ட்லி’ எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையில் அடிக்கிறார். ‘கடினமாக உழைத்தேன்’ என்று நினைத்துக்கொண்டு வேலை விண்ணப்பத்தில் ‘ஹார்ட்லி’ எழுதினால் ‘உழைத்ததே இல்லை எனலாம்’ என்று பொருள் தலைகீழாகிவிடுகிறது.

அன்றாடம் புழங்கும் சொற்களிலேயே ஒரு விதி முறிகிறது என்றால் கோளாறு மாணவனிடம் இல்லை, விதியைச் சொன்ன விதத்தில் இருக்கிறது. இந்த இடறல்களில் பெரும்பகுதி, சில நூறு ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலச் சொற்களின் கடைசியிலிருந்து ஒரு சின்ன உயிரொலி உதிர்ந்து போனதால் வந்தது. இன்னொரு பகுதியை உண்டாக்கியவர்கள் 18ஆம் நூற்றாண்டின் இலக்கணக்காரர்கள். முதலாவது மொழியின் இயல்பு, இரண்டாவது மனிதர்கள் போட்ட வேலி. இரண்டையும் ஒன்றாகக் கட்டி ‘பிழை’ என்று பெயர் வைத்துக் கற்பிப்பது மாணவனுக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

பழைய ஆங்கிலத்தில் வினையடை உண்டாக்க ‘லி’ தேவைப்படவில்லை. பெயரடையின் கடைசியில் ‘எ’ என்ற குறில் ஒன்று சேர்ந்தால் போதும். ‘உறுதியான’ என்ற பொருள் கொண்ட ‘ஃபாஸ்ட்’டின் பழைய வடிவத்தோடு ‘எ’ சேர்ந்தால் ‘உறுதியாக’. இது ஒரு பக்கம் இருக்க, பெயர்ச்சொல்லிலிருந்து பெயரடை உண்டாக்க ‘லீச்’ என்ற பின்னொட்டு வேறாக இருந்தது. ‘லீச்’ என்றால் உடல், வடிவம். நண்பனின் வடிவம் கொண்டது, நண்பனைப் போன்றது ‘ஃப்ரெண்ட்லி’. ஜெர்மன் மொழியில் பிணத்துக்கு இன்றும் இதே வேரிலிருந்து வந்த சொல்தான். இங்கிலாந்தின் பழைய தேவாலயங்களில் வாசலில் கூரை போட்ட ஒரு கதவு இருக்கும். பாதிரியார் வந்து எதிர்கொள்ளும்வரை சவப்பெட்டியை அங்கேதான் இறக்கி வைப்பார்கள். அதன் பெயர் ‘லிச்கேட்’. நாம் ‘ஸ்லோலி’ என்று சொல்லும்போது கடைசியில் ஒலிக்கும் ‘லி’யும் அந்தக் கதவின் பெயரிலுள்ள ‘லிச்’சும் ஒரே சொல்.

‘போன்ற’ என்னும் ‘லைக்’கும் அதே குடும்பம். ‘விச்’, ‘சச்’, ‘ஈச்’ ஆகிய மூன்று சின்னச் சொற்களுக்குள்ளும் தேய்ந்துபோன ‘லீச்’ ஒளிந்திருக்கிறது. ‘ஒன்லி’ என்பது ‘ஒன்று’ என்பதோடு ‘லீச்’ சேர்ந்தது. ‘லைக்லி’யில் அந்த உடல் இரண்டு முறை வருகிறது. லத்தீனின் வழிவந்த மொழிகள் இதற்கு மனத்தைப் பிடித்துக்கொண்டன. பிரெஞ்சு, இத்தாலியன், ஸ்பானிஷ் வினையடைகளின் வால், ‘மனத்தோடு’ என்ற பொருள் கொண்ட ‘மெந்தெ’ என்ற லத்தீன் சொல். மெதுவான மனத்தோடு நடப்பது இத்தாலியனின் ‘மெதுவாக’. மெதுவான உடலோடு நடப்பது ஆங்கிலத்தின் ‘மெதுவாக’.

பெயரடைக்கு ‘லீச்’, அதோடு வினையடைக்குரிய ‘எ’ சேர்ந்தால் ‘லீச்செ’. கணக்கு அப்போது சுத்தமாக இருந்தது. பிறகு சொற்கடைசி ‘எ’ பேச்சில் மெலிந்து, 14ஆம் நூற்றாண்டின் முடிவை ஒட்டிக் காணாமலே போனது. 1400இல் இறந்த ஆங்கிலக் கவிஞர் சாசரின் செய்யுளில் அந்த ‘எ’யைச் சேர்த்து எண்ணினால்தான் பல இடங்களில் சீர் சரியாக வரும். 1700இல் ட்ரைடன் அவரைப் படித்தபோது அந்த ஒலி யார் காதிலும் இல்லை. சாசரின் அடிகள் பல அரைச் சீர் குறைந்து நொண்டுகின்றன என்று அவர் மனதார நம்பினார். ஆங்கிலத்தின் மாபெரும் கவிஞர்களுள் ஒருவரையே ஏமாற்றிய இழப்பு அது.

‘லீச்’, ‘லீச்செ’ இரண்டும் தேய்ந்து ‘லி’ என்ற ஒரே வடிவத்தில் வந்து நின்றன. பெயரடைக்கும் அதுவே, வினையடைக்கும் அதுவே. ‘ஃப்ரெண்ட்லி’, ‘லவ்லி’, ‘கோஸ்ட்லி’ எல்லாம் ‘லி’ வைத்துக்கொண்டே பெயரடையாக இருப்பதற்குக் காரணம் இது. வெறும் ‘எ’யால் ஆன வினையடைகளோ வால் உதிர்ந்தபின் பெயரடையிலிருந்து பிரித்தறிய முடியாதபடி மொட்டையாக நின்றன. ஃபாஸ்ட், ஹார்ட், லேட், டீப், ஹை, வைட், லவுட் என்று பட்டியல் நீளும். ஆங்கில இலக்கண நூல்கள் இவற்றைத் ‘தட்டை வினையடை’ என்னும் பொருளில் குறிப்பிடுகின்றன. எனக்கு ‘மொட்டை வினையடை’ என்பதே பொருத்தமாகப் படுகிறது, ஏனென்றால் இவை ‘லி’யை இழந்தவை அல்ல. ‘லி’ இவற்றுக்கு இருந்ததே இல்லை. இழந்தது ‘எ’ என்ற குறிலைத்தான்.

இதில் ‘ஃபாஸ்ட்’டின் கதையை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். முதலில் அதற்கு வேகத்தோடு ஒட்டுறவு இல்லை. அசையாமல் உறுதியாக இருப்பதுதான் ‘ஃபாஸ்ட்’. அசையாத உறக்கத்தைச் சொல்லும் ‘ஃபாஸ்ட் அஸ்லீப்’, சாயம் போகாத துணியைச் சொல்லும் ‘ஃபாஸ்ட் கலர்’ இரண்டிலும் பழைய பொருள் அப்படியே இருக்கிறது. நோன்பைக் கடைப்பிடிப்பதற்கு ‘ஃபாஸ்ட்’ என்ற பெயர் வந்ததும் விடாப்பிடியான உறுதியிலிருந்துதான். உறுதியாகப் பிடித்தல், உறுதியாக அடித்தல், முழுமூச்சாக ஓடுதல் என்று வினைகளோடு சேர்ந்து சேர்ந்து, ஓட்டத்தில் முழுமூச்சு என்றாலே வேகம்தானே என்று பொருள் மெல்ல நகர்ந்து நேர் எதிர்ப்பக்கத்துக்கு வந்துவிட்டது. நம் பிள்ளைகள் எழுதி அடி வாங்கும் ‘ஃபாஸ்ட்லி’யும் புதுப்பிழை இல்லை. பழைய ஆங்கிலத்திலேயே ‘உறுதியாக’ என்ற பொருளில் அதன் மூதாதை இருந்தது. மொட்டை வடிவம் வலுத்ததால் அது வழக்கொழிந்தது, அவ்வளவுதான். ஈரோட்டிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு பிள்ளை அதை எழுதும்போது, ஆங்கிலம் ஒரு காலத்தில் நடந்து பார்த்துவிட்டு விட்டுவிட்ட பாதையில் அது தானாகப் போயிருக்கிறது. ஆசிரியர் திருத்தட்டும், வழக்கில் இல்லாததைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் முட்டாள்தனம் என்று சொல்லித் திருத்த வேண்டாம்.

சில சொற்களுக்கு மொட்டை வடிவம், ‘லி’ வடிவம் இரண்டுமே பிழைத்தன. ஒரே வேலைக்கு இரண்டு ஆள் வேண்டாம் என்று மொழி வேலையைப் பங்கிட்டுக் கொடுத்தது. ‘ஹார்ட்’ முயற்சியை வைத்துக்கொண்டது. ‘ஹார்ட்லி’ முதலில் ‘சிரமப்பட்டு’ என்று பொருள்பட்டு, ‘சிரமப்பட்டுத்தான் முடிந்தது’, ‘முடிந்தும் முடியாமல்’ என்று இறங்கி, கடைசியில் ‘இல்லை என்றே சொல்லலாம்’ என்ற இடத்தில் நின்றது. ‘லேட்’ தாமதமாக, ‘லேட்லி’ அண்மையில். ‘நியர்’ அருகே, ‘நியர்லி’ கிட்டத்தட்ட. கவனித்துப் பார்த்தால் இந்தப் பங்கீட்டில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. கண்ணால் காண்பதும் கையால் தொடுவதும் மொட்டை வடிவத்துக்குப் போயிருக்கின்றன, மனத்தால் எண்ணுவது ‘லி’க்குப் போயிருக்கிறது. கிணறு தோண்டுகிறவன் ‘டீப்’பாகத் தோண்டுகிறான், துயரப்படுகிறவன் ‘டீப்லி’ வருந்துகிறான். பருந்து ‘ஹை’யாகப் பறக்கிறது, நல்ல மாணவனை ‘ஹைலி’ பாராட்டுகிறார்கள். இடமும் முக்கியம். மொட்டை வடிவம் பெரும்பாலும் வினைக்குப் பின்னால்தான் வரும். கயிற்றை இறுக்கிப் பிடித்தான் என்பதில் ‘டைட்’ வினைக்குப் பின் வரலாம், வினைக்கு முன் வர வேண்டுமானால் ‘டைட்லி’யாகத்தான் வர வேண்டும். இந்த ஒரு செய்தியை வகுப்பில் சொன்னாலே பாதிக் குழப்பம் தீரும். சொல்லும் பாடநூலை நான் அதிகம் பார்த்ததில்லை.

இனி வேலி போட்டவர்களைப் பார்க்கலாம். 1660களில் நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பீப்ஸ், ‘மிகவும்’ என்று சொல்ல வேண்டிய இடங்களில் ‘மைட்டி’ என்ற பெயரடையை அப்படியே போட்டுக்கொண்டு போவார். படித்த மனிதர், கடற்படை நிருவாகத்தில் உயர் அதிகாரி. அவருக்கு அதில் கூச்சம் ஏதும் இல்லை. நூறு ஆண்டுகள் கழித்து, 1762இல் ராபர்ட் லவுத் தம் இலக்கணச் சிறுநூலை வெளியிட்டார். பிறகு லண்டனின் ஆயராக உயர்ந்தவர். பெயரடையை வினையடையாக ஆள்வது ஆங்கிலத்தின் இயல்புக்கு ஒவ்வாது என்று அவர் தீர்ப்பெழுதினார். உதாரணத்துக்கு அவர் அடிக்குறிப்பில் குற்றவாளிகளாக நிறுத்தியவர்கள் சாதாரண ஆட்கள் அல்லர், ஷேக்ஸ்பியரும் ட்ரைடனும் வரலாற்றாசிரியர் கிளாரெண்டனும். 1795இல் வந்த லிண்ட்லி மர்ரேயின் இலக்கணம் அதே போக்கைப் பள்ளிகள்தோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

எல்லாப் பழியையும் லவுத்தின் தலையில் போடுவதும் நியாயமில்லை. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தார் பழைய ஆங்கிலம் தொடங்கி 1710 வரையிலான உரைகளிலிருந்து சுமார் 15 லட்சம் சொற்கள் கொண்ட தொகுப்பு ஒன்றை உருவாக்கினார்கள். அதை வைத்து மொழியியலாளர் டெர்ட்டு நெவலைனன் வினையடைகளின் வரலாற்றை ஆராய்ந்தார். லவுத் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ‘லி’ ஏறுமுகத்தில் இருந்தது அந்த ஆய்வில் தெரிகிறது. ஆகவே லவுத் ஓடும் ஆற்றைத் திருப்பியவர் அல்லர். தானாக நடந்துகொண்டிருந்த மாற்றத்துக்கு ‘சரி’, ‘தவறு’ என்று முத்திரை குத்தினார். அந்த முத்திரைதான் இன்றுவரை படித்தவர்களை நடுங்க வைக்கிறது. நடுக்கத்தின் விளைவை ‘ஐ ஃபீல் பேட்லி’ என்ற வாக்கியத்தில் பார்க்கலாம். ‘எனக்கு வருத்தமாக இருக்கிறது’ என்பதற்கு ‘பேட்’ என்ற பெயரடையே சரி. அங்கே அந்தச் சொல் வருந்துகிறவரின் நிலையைச் சொல்கிறது, வினை நடந்த விதத்தை அல்ல. மொட்டையாக விட்டால் படிக்காதவன் என்று நினைப்பார்களோ என்ற பயத்தில் படித்தவர்கள்தான் ‘லி’யை ஒட்டுகிறார்கள். அப்படியே ‘ஸ்மெல் பேட்’ என்பதிலும் ‘லி’யை ஒட்டினால், துர்நாற்றம் அடிக்கிற ஆள், முகர்ந்தறியும் திறன் குறைந்த ஆளாகிவிடுவார். 1997இல் ஆப்பிள் நிறுவனம் ‘திங்க் டிஃபரண்ட்’ என்று விளம்பரம் செய்தபோது ‘லி’ எங்கே என்று கேட்டவர்கள் பலர். நம் சாலைகளில் பள்ளிக்கூடம் வரும் முன் ‘கோ ஸ்லோ’ பலகை நிற்கிறது. அதை இலக்கணப் பிழை என்று சொல்கிறவர்களுக்கு ஆங்கிலத்தின் கடந்த காலம் தெரியவில்லை என்பதே என் பதில்.

காதுக்கு ஒவ்வாமை என்று ஒன்று இருக்கிறது. அது வேலி அல்ல, உண்மையான எல்லை. ஹென்றி ஃபௌலர் 1926இல் வெளியிட்ட ஆங்கில வழக்கு அகராதி இதற்கு நல்ல சான்று. ‘லிலி’ என்று முடியும் வினையடைகளுக்கே அவர் தனிப் பதிவு எழுதினார். அவற்றைத் தவிர்ப்பது விதியல்ல, சுவை சார்ந்தது, ஆனால் அநேகமாக எல்லோரும் தவிர்க்கிறார்கள் என்பது அவர் முடிவு. ஒரே ஒலி அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால் நாக்கு ஒன்றை விழுங்கப் பார்க்கும். ‘ஜென்டில்’ ‘ஜென்ட்லி’ ஆனபோதும் ‘சிம்பிள்’ ‘சிம்ப்லி’ ஆனபோதும் ஒரு ‘ல்’ அப்படித்தான் விழுங்கப்பட்டது. ‘டெய்லி’, ‘எர்லி’, ‘லெஷர்லி’ போன்றவை இரண்டாவது ‘லி’யே வேண்டாம் என்று பெயரடையாகவும் வினையடையாகவும் ஒரே உடையில் உலவுகின்றன.

‘எட்லி’ என்று முடிபவை இன்னும் சங்கடமானவை. ‘மார்க்ட்’ ஓரசைச் சொல், ‘லி’ சேர்ந்ததும் ‘மார்க்கிட்லி’ என்று மூன்றசை ஆகிறது. பழங்காலத்தில் ‘எட்’டில் இருந்த உயிரொலி பேச்சில் உதிர்ந்தபோது வினையடைக்குள் மட்டும் பத்திரமாக மாட்டிக்கொண்டது. நீதிமன்றச் செய்திகளில் தினமும் வரும் ‘அலெஜிட்லி’யில் அந்தக் கூடுதல் அசை தெளிவாகக் கேட்கும். பழகிய சொற்களுக்கு இது சரி. ‘எம்பாரஸ்ட்’ போன்ற ஒன்றோடு ‘லி’ ஒட்டிப் பாருங்கள், எங்கே அழுத்துவது, எத்தனை அசை என்று வாய் தடுமாறும். சங்கடத்தோடு சிரித்தாள் என்பதற்கு நல்ல ஆங்கில எழுத்தாளர் வினையடையை விட்டுவிட்டு, சங்கடம் என்ற பெயர்ச்சொல்லுக்கே போய்விடுவார். ஃபௌலர் இன்னொன்றும் சொன்னார். இரண்டு மூன்று ‘லி’ச் சொற்கள் ஒரே நிலையில் அடுக்கி வந்தால் அழகு, ஒரு ‘லி’ இன்னொரு ‘லி’க்கு அடையாக வந்து இரண்டும் மோதிக்கொண்டால் அருவருப்பு. ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுகிற நம்மவர்கள் எழுதி முடித்தபின் ஒருமுறை வாய்விட்டுப் படித்தாலே இந்த மோதல் காதில் விழுந்துவிடும்.

அளவைச் சொல்லும் பெயரடைகளோடும் ‘லி’க்கு ஒத்துப்போவதில்லை. 2016 செப்டம்பர் 26 அன்று ஹோஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழகத்தில் நடந்த அதிபர் வேட்பாளர் விவாதத்தில் டொனால்ட் டிரம்ப் வரியைப் பற்றிப் பேசும்போது ‘பிக்லி’ என்றார் என்று அமெரிக்காவே நகைத்தது. அவர் சொன்னது ‘பிக் லீக்’, பேஸ்பால் ஆட்டத்தின் பெரிய அணிகளைக் குறிக்கும் தொடர், ‘பெரிய அளவில்’ என்ற பொருளில். கடைசி ‘க்’ வாய்க்குள்ளேயே அடங்கிவிட்டதால் கேட்டவர்கள் காதே ‘லி’யை ஒட்டிக்கொண்டது. சுவையான செய்தி, ‘பிக்லி’ என்ற சொல் இடைக்கால ஆங்கிலத்திலேயே உண்டு என்பதுதான். ஆனாலும் எல்லோருக்கும் அது பிழையாகவே ஒலித்தது. காரணம் இருக்கிறது. ‘லி’ ஒரு செயல் நடந்த விதத்தைச் சொல்வது, உருவத்தின் அளவு செயலின் விதம் ஆகாது. அளவுச் சொல் ‘லி’யை ஏற்றால் அளவை உதறியாக வேண்டும். ‘லார்ஜ்லி’ என்றால் பெரும்பாலும், ‘ஷார்ட்லி’ என்றால் சீக்கிரம், ‘கிரேட்லி’ என்றால் மிகவும். ஒன்றிலும் நீள அகலம் மிஞ்சவில்லை.

வினையடையே வேண்டாம் என்கிற கட்சியும் உண்டு. ஸ்டீஃபன் கிங் 2000இல் எழுதிய எழுத்துக்கலை நூலில் வினையடையை எதிரியாகவே நடத்துகிறார். நாவலாசிரியர் எல்மோர் லெனர்ட் அடுத்த ஆண்டு வெளியிட்ட தம் எழுத்து விதிகளில், ‘என்றான்’ என்பதோடு வினையடை சேர்க்கவே கூடாது என்றார். பாத்திரத்தின் பேச்சிலேயே கோபம் இருந்தால் ‘கோபமாக’ எதற்கு என்ற அவர்கள் வாதம் கதைக்கு நூற்றுக்கு நூறு பொருந்தும். அலுவலகக் கடிதத்துக்கும் ஆய்வுரைக்கும் அதை நீட்டுவது எனக்கு உடன்பாடில்லை. ‘ஓரளவு’, ‘பெரும்பாலும்’ போன்ற சொற்கள் அங்கே அலங்காரம் அல்ல, உண்மையின் எல்லைக்கோடு.

தமிழில் எழுதுகிற நம்மை நேராகத் தொடுவது ‘ஹோப்ஃபுல்லி’ தகராறு. முதலில் இதன் பொருள் ‘நம்பிக்கை நிறைந்த மனத்தோடு’. 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் வாக்கியத்தின் தலையில் வைத்து, ‘இப்படி நடக்கும் என்று நம்புவோம்’ என்ற பொருளில் ஆளத் தொடங்கினார்கள். 1960களில் எதிர்ப்பு வெடித்தது. ஸ்டிரங்க், ஒயிட் இருவர் பெயரில் வரும் புகழ்பெற்ற நடைக் கையேடும் கண்டித்தது. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் 2012 ஏப்ரலில்தான் தன் கையேட்டில் கதவைத் திறந்தது. ‘ஃப்ராங்க்லி’யையும் ‘சாட்லி’யையும் அதே இடத்தில் அமைதியாக ஏற்றுக்கொண்டவர்கள் இதை மட்டும் ஐம்பது ஆண்டுகள் துரத்தியதில் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஜெர்மனுக்கு அந்த வம்பு இல்லை. நம்பிக்கையோடு செய்வதற்கு ஒரு சொல், ‘நடக்கும் என்று நம்புவோம்’ என்பதற்கு வேறு சொல்.

தமிழும் அப்படித்தான், இரண்டையும் கலப்பதில்லை. ‘மகிழ்ச்சியாக’ என்பது வினையைத் தழுவும், ‘நல்லவேளை’ என்பது முழு வாக்கியத்தையும் தழுவும். மொழிபெயர்ப்பு மேசையில்தான் இந்த வேறுபாடு தொலைகிறது. ‘ஹோப்ஃபுல்லி’ என்று தொடங்கும் வானிலைச் செய்தி ‘நம்பிக்கையுடன் மழை பெய்யும்’ என்று ஆகும்போது நம்பிக்கை மழைக்குப் போய்விடுகிறது. ‘மழை பெய்யும் என்று நம்புவோம்’ என்று வினையில் வைத்தால் அது உரியவரிடம் திரும்பிவிடும். ‘சாட்லி’ ‘சோகமாக இறந்தார்’ ஆகும்போது இறந்தவர் சோகத்தோடு இறந்ததாக ஆகிறது. ‘பாவம், இறந்துவிட்டார்’ என்று எந்தப் பாட்டியும் சரியாகச் சொல்வாள்.

‘வைஸ்’ என்ற பின்னொட்டும் இதே மேசைக்கு வந்து சேர்கிறது. ‘விதம்’ என்று பொருள்படும் பழைய சொல் அது; ‘அதர்வைஸ்’, ‘கிளாக்வைஸ்’ இரண்டும் அதன் பழைய பிள்ளைகள். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க அலுவலகங்கள் கண்ட சொல்லோடெல்லாம் இதை ஒட்டின. பண விஷயத்தில் என்பதற்கு ‘மணிவைஸ்’. 1960இல் பில்லி வைல்டர் எடுத்த ‘தி அபார்ட்மெண்ட்’ படத்தில் காப்பீட்டு நிறுவன ஊழியர்கள் வாய்க்கு வாய் இப்படிப் பேசுவார்கள். அந்தக் காலத்து அலுவலக மொழியின் மேல் வைத்த நேரடியான கேலி. இந்திய ஆங்கிலத்தில் ‘வைஸ்’ செய்யும் வேலை வேறு, ‘டிஸ்ட்ரிக்ட்வைஸ்’, ‘டேட்வைஸ்’ என்று பகுத்து அடுக்குவது. நம் ‘மாவட்டவாரியாக’, ‘தேதிவாரியாக’ என்பதற்கு இணையான கச்சிதமான பயன்பாடு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்க ‘வைஸ்’சுக்கும் ‘சைக்கலாஜிக்கலி’, ‘எமோஷனலி’ வகைகளுக்கும் தமிழில் நாம் பிடித்துக்கொண்ட ஒட்டு ‘ரீதியாக’. சட்டரீதியாக என்பதற்கு வேலை இருக்கிறது, விட்டுவிடலாம். ‘மனரீதியாகப் பாதிக்கப்பட்டார்’ என்ற இடத்தில் ‘மனம் நொந்தார்’ போதும். ‘பொருளாதாரரீதியாகப் பின்தங்கிய குடும்பம்’ ஏழைக் குடும்பம். ‘உடல்ரீதியாகத் தாக்கினான்’ என்று வந்தால் ஆசிரியர் குழு ‘அடித்தான்’ என்று திருத்த வேண்டும்.